கோப்பில் இல்லாத பறவைகள்

பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி வந்து, “தாத்தா, டவுன்ல பறவைப் படக் கண்காட்சி போட்டிருக்காங்க. வரீங்களா?” என்று கேட்டாள். எனக்கு முழங்கால் வலி. போதாததற்கு, காலையில் கைப்பேசியைத் திறந்தால் போதும், யாராவது ஒரு நண்பர் ஒரு மயிலையோ கிளியையோ வைத்து ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பியிருப்பார். பறவைப் படத்தைப் பார்க்க ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போக வேண்டுமா என்றுதான் முதலில் நினைத்தேன். பேத்தி முகம் சுருங்குமே என்று கிளம்பினேன்.

சின்னக் கூடம். சுவரைச் சுற்றி நாற்பது படங்கள் இருக்கும். எடுத்தவர் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பது வயதுக்குள் இருப்பார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வயல்வயலாகப் போய் பம்புசெட் பழுது பார்ப்பது தொழில். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா, அதைவிடப் பழைய லென்ஸ். “பம்பு ரிப்பேருக்குப் போற இடத்துல விவசாயிங்களே சொல்லிடுவாங்க ஐயா, எந்த மடுவுல என்ன பறவை வந்திருக்குன்னு” என்றார்.

முதல் படத்திலேயே நின்றுவிட்டேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. சிறகு இரண்டும் மேலே, அலகு நேர் கீழே, கண் தண்ணீருக்குள். ஒரு வினாடியை இரண்டாயிரத்து ஐந்நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரம்தான் கேமராவின் கண் திறந்து மூடியதாம். ஊசுட்டேரிக் கரை வழியாக நான் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தப் பறவை அப்படி நிற்பதை ஒரு தடவையும் பார்த்ததில்லை.

அடுத்தது நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். நத்தையைப் பிடித்துத் தின்பதற்கு வாகான அலகு. படத்தில் அலகு நுனியில் ஒரு நத்தை, பின்னால் மங்கலாக நாற்று நடும் பெண்கள் ஐந்தாறு பேர். அவர்களும் நாரையைக் கண்டுகொள்ளவில்லை, நாரையும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்திலேயே அல்லி இலைமேல் நிற்கும் நீளவால் இலைக்கோழி, காலடியில் பஞ்சுருண்டை போல இரண்டு குஞ்சுகள். “அம்மாவா?” என்று கேட்டாள் பேத்தி. “இல்லம்மா, அப்பா. பொட்டை முட்டையிட்டுட்டுப் போயிடும். அடைகாக்கிறதும் வளர்க்கிறதும் ஆண்தான்” என்றார் அவர். என் மனைவி இருந்திருந்தால் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாள்.

என்னை உட்கார வைத்தது இன்னொரு படம். மார்கழிப் பனியில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவைகள். முதுகு கருநீலம், தொண்டை செங்கல் நிறம், வால் கவட்டை. கீழே ‘தகைவிலான், பாகூர், டிசம்பர்’ என்று எழுதியிருந்தது. பேத்தி கைப்பேசியில் தேடி, பிரெஞ்சில் அதற்கு ‘இரோந்தெல்’ என்று பெயர் என்றாள்.

என்னைப் போலப் புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது. இலையுதிர் காலம் வந்ததும் இரோந்தெல் கூட்டம் கூடிக் கிளம்பிப் போகும், வசந்தத்தில் திரும்பி வந்து தாழ்வாரத்தில் கூடு கட்டும் என்று பாடம். எங்கள் முசே அதைச் சொற்சொல்லாக எழுத்துக்கூட்டச் சொல்வார். இரண்டு ‘எல்’ போடாவிட்டால் மதிப்பெண் குறையும். இலையுதிர் காலமும் தெரியாது, இரோந்தெல்லும் தெரியாது. பனியும் பைன் மரமும் போல அதுவும் அந்த நாட்டுச் சரக்கு என்று மனப்பாடம் செய்தோம். அந்தப் பறவை வருடா வருடம் குளிர்காலத்தில் எங்கள் தலைக்கு மேலேயே கம்பியில் உட்கார்ந்திருந்தது. பிரான்சிலிருந்து கிளம்புபவை ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. நம் ஊருக்கு வருபவை இமயத்திலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டுபவை. ஆனாலும் இனம் ஒன்றுதான். எழுபது வயதுக்கு மேல் ஒரு மெக்கானிக் எடுத்த படத்தில்தான் என் பாடப்புத்தகத்தின் பறவையை நான் சந்தித்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் நம் பறவைகளைப் பார்க்காமல் விடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்து தங்கிய பியேர் சொன்னேரா தம் கீழ்த்திசைப் பயண நூலை 1782இல் வெளியிட்டார். நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயரில் அவர் பெயர்தான் இருக்கிறது. நம் கொல்லைப்புறக் கவுதாரி இருக்கிறதே, அதன் அறிவியல் பெயரின் கடைசிச் சொல் ‘பாண்டிசேரியானஸ்’. புதுச்சேரிக்கு உரியது என்று பொருள். 1789இல் கெமெலின் என்ற ஜெர்மானியர் வைத்தது. உலகத்தில் எந்த மூலையில் கவுதாரியைப் பற்றி ஆராய்ச்சி எழுதினாலும் நம் ஊர்ப் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். நமக்கோ கவுதாரி என்றால் கூண்டும் குழம்பும்தான் நினைவுக்கு வரும்.

ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, அதைப் பார்த்துத்தான் படம் வரைந்தார்கள். பறவை செத்தால்தான் பறவைப் படம். கேமரா வந்த பிறகுதான் பறவையை உயிரோடு விட்டுவிட்டு அதன் படத்தை மட்டும் எடுத்துவர முடிந்தது. தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1996இல் மறையும் வரை கருப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர், பறவைகளைப் பற்றித் தமிழிலும் அழகாக எழுதியவர். வண்ணம் இல்லாமலே அவர் படங்களில் விலங்கு தன் காட்டில் தன் பாட்டுக்கு இருக்கும்.

தன் பாட்டுக்கு இருக்கும் என்றேனே, அதுதான் நல்ல பறவைப் படத்தின் முதல் அடையாளம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இதைக் கண்காட்சியில்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் கொஞ்சம் வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

நடந்தது இது. அவரைப் பாராட்டும் சாக்கில், எனக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்த ஒரு படத்தை எடுத்துக் காட்டினேன். கூட்டில் மூன்று குஞ்சுகள், செக்கச் சிவந்த வாயைத் திறந்து கொண்டு, பளிச்சென்று. நானே அதைப் பதினைந்து பேருக்கு அனுப்பியிருந்தேன். “இதுவும் உங்க படம் மாதிரியே பிரமாதம் இல்லையா தம்பி?” என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கைப்பேசியை வாங்கி விரலால் பெரிதாக்கினார். “ஐயா, கூட்டுக்கு மேல நிழலே இல்லை பாருங்க. இந்தக் குருவி நடு வெயில்ல கூடு கட்டாது. இதோ, இங்க கிளை வெட்டின இடம் வெள்ளையாத் தெரியுது. வெளிச்சத்துக்காக வெட்டியிருக்காங்க. படம் எடுத்தவர் போயிட்டிருப்பார். குஞ்சு வெயில்ல இருக்கும். காக்காய்க்கும் இப்ப நல்லாத் தெரியும்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். பதினைந்து பேருக்கு அனுப்பியபோது எனக்கு அந்த வெள்ளை வெட்டு தெரியவே இல்லை.

பிறகு அவர் தம்முடைய முக்குளிப்பான் படத்துக்கு அழைத்துப் போனார். பெரிய அழகென்று சொல்ல முடியாத படம். தண்ணீரில் மிதக்கும் பாசிக் குவியல், அதன்மேல் பாதி உடம்போடு ஒரு குட்டைப் பறவை, அலகில் ஒரு பாசிக் கொத்து. முக்குளிப்பான் கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுத்தான் போகும். பார்ப்பவர்களுக்கு வெறும் குப்பை மாதிரி தெரியும். ஆனால் ஆள் திடீரென்று கிட்டே போனால் மூட நேரமில்லாமல் தண்ணீரில் குதித்துவிடும். முட்டை திறந்தபடி கிடக்கும். காகத்துக்கு அரை நிமிடம் போதும்.

“இந்தப் படத்தைத் தூரத்துக் கரையில, தென்னைமரத்துக்குப் பின்னால உக்காந்து எடுத்தேன் ஐயா. நாலு நாள் போனேன். அது நிதானமா மூடிட்டுத்தான் இறங்குது, பாருங்க. அது அவசரப்படலைங்கிறதுதான் எனக்குப் படம்” என்றார்.

கீழே எந்தக் குளம் என்று எழுதவில்லை. கூட்டுப் படத்துக்கு மட்டும் இடம் எழுதுவதில்லையாம். எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து கேமரா வந்து நிற்கும் என்றார்.

நான் முப்பத்தெட்டு வருடம் சட்டப் பிரிவுகளோடு காலம் தள்ளியவன். வீட்டுக்கு வந்ததும் பேத்தியை வைத்துத் தேடிப் படித்தேன். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தந்துள்ள விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவதும் கலைப்பதும் அடங்குகின்றன. துப்பாக்கி வேண்டாம், கத்தரிக்கோலே போதும் என்று அர்த்தம். கைதட்டிய என்னைப் போன்றவர்களைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கிளையை வெட்ட வைத்தது நம்முடைய கைதட்டல்தான். பளிச்சென்று இருந்தால் நாம் அனுப்புகிறோம். நாம் அனுப்புவதால் அவர்கள் வெட்டுகிறார்கள்.

ஆகவே என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவைப் படத்தைப் பாராட்டுங்கள், நிறையப் பாராட்டுங்கள். நல்ல படத்துக்குப் பின்னால் விடியற்காலைப் பனியும், அட்டைக்கடியும், நாள்கணக்கான காத்திருப்பும் இருக்கின்றன. ஆனால் பாராட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். பறவை எங்கே பார்க்கிறது? தன் வேலையைப் பார்க்கிறதா, கேமராவைப் பார்த்து மிரள்கிறதா? கூடும் குஞ்சும் தெரிந்தால், சுற்றிலும் இலை இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். படப் போட்டி நடத்துகிறவர்களும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று விதி வைத்தால் நல்லது. அப்படி விதி வைத்த போட்டிகள் இருக்கத்தான் செய்கின்றன.

‘சோற்றுக்கு வழியைப் பார்க்காமல் குருவிப் படம் பிடிப்பது வசதி உள்ளவன் பொழுதுபோக்கு’ என்று சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு. போன வருடம் வரை நானும் ஏறக்குறைய அந்தக் கட்சிதான். என் மனம் மாறியதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. பழைய கதை ஒன்று இருக்கிறது. இதுவரை இதை எழுதியதில்லை.

1980களின் கடைசி. நான் அப்போது இருந்த அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு கிராமத்துத் தாங்கலை மனைகளாக்கும் யோசனை இருந்தது. சின்னத் தாங்கல்தான். நம் பக்கத்துப் பழைய பதிவேடுகளின் வழக்கப்படி ஹெக்டேர், ஆர், சாந்தியார் என்று மூன்று கட்டத்தில் அதன் பரப்பு இருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர், மழைக்காலத்தில் அதில் பறவைகள் வந்து இறங்குகின்றன, குஞ்சு பொரிக்கின்றன, தூர்க்க வேண்டாம் என்று கோணல் மாணலாக எழுதியிருந்தார். கோப்பு என் மேசைக்கு வந்தது. பழைய பதிவேடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். மனுதாரர் சொல்லும் பறவைகளைப் பற்றி இந்த அலுவலகப் பதிவேடுகளில் தகவல் எதுவும் இல்லை என்பது அதன் சாரம். கீழே கையெழுத்து, தேதி.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பதிவேட்டில் நிஜமாகவே பறவை இல்லை. சர்வே கல் இருந்தது, வாய்க்கால் இருந்தது, கரையிலிருந்த பனைமரங்களுக்குக்கூட எண்ணிக்கை இருந்தது. பறவைக்கு ஒரு பத்தியும் இல்லை. சைக்கிளில் ஆறு மைல் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை. என் இரண்டு வரியால்தான் அது நடந்தது என்று சொல்லமாட்டேன். எனக்கு மேலே நாலைந்து கையெழுத்துகள் இருந்தன. ஆனால் அந்தத் தாங்கல் இன்று இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை வலுத்தால் அங்குள்ள வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது. அது வந்த இடத்துக்கே வருகிறது.

கண்காட்சியில் முக்குளிப்பான் படத்தின் முன் நிற்கும்போது அந்தப் பெரியவரின் மனுதான் நினைவுக்கு வந்தது. அந்த மனுவோடு, இடமும் தேதியும் குறித்த இப்படி ஒரு படம் இணைத்திருந்தால் நான் ‘தகவல் இல்லை’ என்று எழுதியிருக்க முடியாது. எந்தக் குமாஸ்தாவாலும் முடியாது. இணைப்பு ஒன்று என்று எண் போட்டு மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

ஊசுட்டேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நம் பக்கம், பாதி தமிழ்நாட்டுப் பக்கம். நம் பக்கத்து சுமார் 390 ஹெக்டேரை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கவிதை எழுதினால் மட்டும் இது நடந்துவிடாது. எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதம் என்று வருடக்கணக்காக யாரோ பார்த்துக் குறித்து வைத்திருக்க வேண்டும். இப்போது 2015 முதல் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் பொங்கல் நாட்களில் பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நம் மெக்கானிக் தம்பியும் ஒவ்வொரு வருடமும் தம் ஊர் மடுக்களில் எண்ணுகிறாராம். ஆக, அவர் சுவரில் மாட்டியிருந்தது அழகுப் படம் மட்டுமில்லை, நம் நீர்நிலைகளுக்கு அவர் எழுதும் பதிவேடும் அதுதான். சரணாலயம் என்ற பெயர் பெறாத சின்னக் குளங்களுக்கும் தாங்கல்களுக்கும் இந்தப் பதிவேட்டை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அதனால்தான் நல்ல படம் என்பது நேர்மையான படமாகவும் இருக்க வேண்டும் என்கிறேன். கிளையை வெட்டி, பறவையை விரட்டி எடுத்த படம் பொய்ச் சாட்சி.

புறப்படும்போது அவரிடம், “இதுல எந்தப் படத்துக்கு ரொம்பக் கஷ்டப்பட்டீங்க?” என்று கேட்டேன். “எடுக்காம திரும்பி வந்த படங்களுக்குத்தான் ஐயா” என்று சிரித்தார். ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். முட்டை கூழாங்கல் மாதிரியே இருக்கும். வெயில் ஏறினால் தாய் போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து உட்காரும், முட்டை சூடு ஆற. அந்தக் காட்சிக்காக ஒரு சித்திரை மாதம் போனாராம். அது இவரைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே சுற்றியதாம், முட்டைமேல் வந்து உட்காரவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, வெயிலில் முட்டை கெட்டுவிடும் என்று கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் படம் இன்னும் அவரிடம் இல்லை.

அடுத்த ஞாயிறு விடியற்காலை பேத்தியும் நானும் ஊசுட்டேரிக் கரைக்குப் போனோம். கேமரா இல்லை. என் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். பனி விலக ஏழு மணி ஆயிற்று. எனக்குப் பெயர் தெரிந்தவை கொஞ்சம், அவள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னவை கொஞ்சம். தேதி, நேரம், இடம் எழுதினேன். கூழைக்கடா 4, நாமக்கோழி ‘ஏராளம்’ என்று எழுதப் போனேன். “ஏராளம்னு எழுதக் கூடாது தாத்தா, எண்ணுங்க” என்றாள். எண்ணினேன். முக்குளிப்பான் மட்டும் எண்ண விடவில்லை, ஆறு என்று எழுதினால் இரண்டு முங்கிவிடும். ஆறு என்றே போட்டுக் கையெழுத்திட்டேன்.

உங்கள் ஊர்க் குளத்திலும் ஏதாவது வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கும். படம் எடுக்கத் தெரிந்த பேரப்பிள்ளை இருந்தால் தூரத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு நாள் யாராவது ஒரு குமாஸ்தா தேடுவான்.